பூச்சாட்டுக்குப் பிறகு யாரும் போகக் கூடாது

எனக்குப் பேச்சு நன்றாக வரும். தறிப் பட்டறை நடத்துகிற பொம்பளைக்கு வாய் இல்லாவிட்டால் நூல் வியாபாரிகள் ஏறி மிதித்துவிடுவார்கள். அப்படிப்பட்ட நான், தொண்ணூற்று மூன்றில், மாரியம்மன் கோயில் முன்னால் தொண்டை கிழியப் பேசியும் ஒருத்தர் மனசும் அசையவில்லை.

விஷயம் இதுதான். வவுனியாவிலிருந்து போருக்குத் தப்பி வந்த யோகேஸ்வரிக்கும் அவள் புருஷனுக்கும் என் வீட்டுப் பின்கட்டை வாடகைக்கு விட்டிருந்தேன். கைக்குழந்தை வேறு. போலீஸ் ஸ்டேஷனில் பதிந்தாயிற்று. ஊரோ, அகதிகள் வேண்டாம், காலி செய்யச் சொல் என்றது. அனுப்பினால் அவர்களுக்குப் போக்கிடம் கிடையாது.

"அவியளும் தமிழருதானுங்க" என்றேன். "தறி ஓட்ட ஆளில்லீங்க. இவிய வந்தா ஊருக்கே லாபமுங்க" என்றேன். கோயில் தர்மகர்த்தா குமாரசாமி சிரித்தார்.

"லாபம் உங்களுக்குங்க அம்மணி. பயம் எங்களுக்கு."

சுருக்கென்றது. அட, இந்த மனுஷருக்கு என்னதான் பயம்? இத்தனை நாள் அதைக் கேட்கவே இல்லையே! கேட்டேன்.

"நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா ஆரைப் போய்க் கேக்கறதுங்க? அவியளுக்கு இங்க ஆரு இருக்கறாங்க?"

அப்போது பூசாரி ஆறுச்சாமி மெல்ல இருமினார். "ஏனுங்க, நேத்தே பூச்சாட்டியாச்சுங்களே. நோம்பி முடியற வரைக்கும் ஊருக்குள்ள இருக்கறவங்க ஆரும் வெளிய தங்கப்படாதுங்க. அனுப்புனா ஆத்தா குத்தமுங்க."

கூட்டம் திருதிருவென விழித்தது. அம்மனுக்குப் பூப்போட்டுத் திருவிழாவை முதலில் அறிவித்துவிட்டு, துரத்துகிற வேலையைப் பிறகு வைத்துக்கொண்ட கூத்தை எங்கே போய்ச் சொல்ல! என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"செரி, நோம்பி வரைக்கும் இருக்கட்டும்" என்றார் குமாரசாமி.

நான் சும்மா இருப்பேனா? "அதுவரைக்கும் நீங்களே பொறுப்பா இருங்க. ஏதாச்சும் ஆச்சுன்னா உங்களையே கேக்கறோம்" என்றேன். அவர் முகம் கடுகடுத்தது. கூட்டம் ஆமாம் போட்டது.

கண்காணிக்க வந்தது அவர் மனைவி நாச்சியம்மாள். முதலில் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். பிறகு குழந்தைக்குப் பால் கொண்டுவந்தார். காலையில், நோம்பிக்காகக் கோயில் முன்னால் நட்டிருந்த கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்றப் போகும்போது யோகேஸ்வரியையும் கூட்டிப்போனார். எவளோ முணுமுணுத்தாளாம். "எங்கூட்டுப் பொறுப்பு, உனக்கென்ன?" என்று எகிறிவிட்டாராம்.

நோம்பி முடிந்து கம்பத்தைக் கிணற்றில் விட்ட மறுநாள் ஊர் கூடியது. நான் புதுப்புது நியாயங்களோடு எழுந்தேன்.

"உக்காருங்க அம்மணி. உங்க பேச்சு ஆருக்கு வேணும்?" என்றார் குமாரசாமி.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அவர் யோகேஸ்வரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏங்கண்ணு, எங்கூட்டுக்காரி சொன்னா, உன்ற தங்கச்சி அகதி முகாம்ல கெடந்து கஷ்டப்படறாளாமா? தாசில்தார்கிட்ட நானே வந்து கேக்கறன். அவளையும் இங்கயே கூட்டியாந்தரலாம்."