பெஞ்சு என்னுடையது

பெஞ்சு என்னுடையது. அதற்கு மேலே என் கடையின் வெளிச்சுவரில் ஓடும் ஃபேன் என்னுடையது. தினமும் வந்து விழும் பேப்பரும் என்னுடையது. அங்கே உட்கார்ந்து, காற்று வாங்கி, பேப்பரைப் படித்து முடித்தவர்கள் எழுந்துபோய் முடி வெட்டிக்கொள்வது மட்டும் என் சகலையிடம்.

இரண்டு சலூன்களும் எதிரெதிரே. நடுவில் ஆறடி நடைவழி. அவன் என் மனைவியின் தங்கையைக் கட்டியவன். தொழிலும் ஒன்று, மாமனாரும் ஒருவர். இதற்குமேல் ஒரு மனிதனுக்கு வயிறெரிய வேறு காரணம் வேண்டுமா?

ஒருமுறை நயமாகவே கேட்டுப் பார்த்தேன். “சகலை, நடைவழியக் கூட்டித் துடைக்கிறதையாவது ஒரு நாள் விட்டு ஒரு நாள் நீ பாத்துக்கயேன்.”

சீப்பை ஊதிக்கொண்டே சிரித்தான். “நான் துடைக்கலன்னா நீங்க துடைக்காம விட்டுருவீங்களா அண்ணே? அழுக்கப் பாத்தா உங்களுக்குக் கை ஓடாதே.”

உண்மைதான். அதனால்தான் இன்னும் எரிந்தது.

அதையும் பொறுத்திருப்பேன். மாமனார் விஷயம்தான் பொறுக்கவில்லை. முன்பெல்லாம் மூத்த மருமகன் என்று நேராக உள்ளே வந்து என்னிடம்தான் அவர் தலையைக் கொடுப்பார். மூன்று மாதமாக, முட்டிவலியோடு மெல்ல வந்து என் பெஞ்சில் உட்கார்கிறார், என் பேப்பரைக் கடைசிப் பக்கம்வரை படிக்கிறார், மூக்குக்கண்ணாடியை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு நேராக எதிர்க்கடைக்குள் நுழைகிறார். காதுக்கு மேல் ஒரு வரிசை நரைமுடி, பத்து நிமிட வேலை. ஆனால் அங்கிருந்து அவர் சிரிக்கும் சத்தம் கேட்கும்போதெல்லாம் என் கையில் கத்தரி தடுமாறியது. என்னிடம் அவர் அப்படிச் சிரித்ததே இல்லை.

ஒருநாள் காலை பெஞ்சைத் தூக்கிக் கடைக்குள் போட்டேன். ஃபேனைக் கழற்றினேன். துடைப்பத்தை மூலையில் சாத்தினேன். என் பெஞ்சில் உட்காருகிறவன் என் நாற்காலியிலும் உட்காரட்டும்.

ஒருவரும் உட்காரவில்லை. எதிர்க்கடையில் காத்திருக்க இடமில்லாமல் அவன் வாடிக்கையாளர்கள் நழுவினார்கள். நடைவழிக் குப்பையைப் பார்த்து என் ஆட்களும் முகம் சுளித்துத் திரும்பினார்கள். அவன் துடைக்கட்டும் என்று நான், எப்படியும் நான் துடைத்துவிடுவேன் என்று அவன். இரண்டு வாரத்தில் முடியும் தூசியும் பந்து பந்தாக உருண்டன.

“இப்ப சந்தோஷமா?” என்றாள் மனைவி. “ரெண்டு கடை வாசல்லயும் ஒரே குப்பைன்னு அப்பா பஸ் ஸ்டாண்டுப் பக்கம் எவன்கிட்டயோ போய் வெட்டிக்கிட்டு வந்திருக்காரு. ரெண்டு மருமகனும் சலூன் வச்சிருக்கீங்க, வெளிய சொன்னா சிரிப்பாங்க.”

வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் உள்ளே ஓர் அற்பத் திருப்தி: அவனுக்கும் இல்லையே! எதிராளிக்குச் சகுனத்தடை ஆகட்டும் என்று மூக்கை அறுத்துக்கொண்டவன் கதைதான்.

முடிவெட்டுகிறவன் தன் பிடரியைத் தானே வெட்டிக்கொள்ள முடியாது. மாதக் கடைசியில் அவனுக்கு நான், எனக்கு அவன் என்பது எங்கள் வழக்கம். ரோஷத்தில் இந்த மாதம் இரண்டு கண்ணாடியை வைத்துக்கொண்டு மெஷினை நானே பிடித்தேன். இடது வலதாகி, பிடரியில் எலி கடித்ததுபோல் ஒரு பள்ளம் விழுந்தது. வேறு வழியில்லாமல் எதிர்க்கடை நாற்காலியில் போய் உட்கார்ந்தேன்.

அவன் துணியை உதறிப் போர்த்தினான். “தலையக் குனிங்க அண்ணே” என்றான்.

குனிவதற்குமுன் அவன் கண்ணாடியில் பார்த்தேன். என் கடையின் வெளிச்சுவர் தெரிந்தது, தலைகள் சாய்ந்த எண்ணெய்க் கறையோடு. எட்டு வருஷமாக அங்கே உட்கார்ந்த அத்தனை பேரும் என் கடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இவன் வேலையைத்தான் பார்த்திருக்கிறார்கள், இவன் பேச்சைத்தான் கேட்டிருக்கிறார்கள். பெஞ்சை அப்படிப் போட்டவன் நான். தன் முதுகு தனக்குத் தெரியாது என்று சும்மாவா சொன்னார்கள்?

மறுநாள் நடைவழியைத் துடைத்து, பெஞ்சை அவன் சுவரோரமாக, என் கடையைப் பார்க்கப் போட்டேன். ஃபேனையும் அங்கேயே மாட்டினேன். அவன் நின்று வேடிக்கை பார்த்தான், ஒரு கை கொடுக்கவில்லை.

அடுத்த மாதம் மாமனார் வந்தார். என்னைப் பார்த்தபடியே உட்கார்ந்தார். நான் ஒரு ஆளுக்கு வெட்டிக்கொண்டே, வராத சிரிப்பையெல்லாம் வரவழைத்துப் பேசினேன். பேப்பரை மடித்தார், கண்ணாடியைப் பையில் போட்டார், எழுந்து நேராக என் கடைக்குள் வந்தார். வெட்டிக்கொண்டிருந்த ஆளை அவசரமாக முடித்து அனுப்பி, நாற்காலியைத் தட்டிவிட்டேன்.

துணியைப் போர்த்திவிட்டு, வாய் சும்மா இருக்காமல் கேட்டேன். “என்ன மாமா, இன்னைக்கு இந்தப் பக்கம்?”

“சின்ன மாப்பிள்ளதான் சொன்னாரு. ‘அண்ணன் மனசு கஷ்டப்படுறாரு, இனிமே அவர்கிட்டயே வெட்டிக்கங்க மாமா’ன்னாரு. அவருக்குத் தங்கமான மனசு.”

கண்ணாடியில் பார்த்தேன். சகலை என் பெஞ்சில் கால்மேல் கால் போட்டு, என் ஃபேனின் கீழே, என் பேப்பரைப் பிரித்துக்கொண்டிருந்தான். என் நாற்காலியில் இருந்த தலை அவன் போட்ட பிச்சை.

“காது, மாப்பிள்ள, காது!” என்று அலறினார் மாமனார்.