எழுவாய் இல்லாத வீடு

2022ஆம் ஆண்டு செப்டம்பர் ஆறாம் நாள், செவ்வாய்க்கிழமை, காலை பத்தேகால் மணிக்கு நானும் என் தங்கையும் அந்த வீட்டைப் பார்க்கச் சென்றோம். நாங்கள் குடியிருந்த கட்டடத்தை இடிக்கப்போவதால், முப்பதாம் தேதிக்குள் காலி செய்யும்படி எங்களுக்கு எழுத்து மூலம் அறிவித்திருந்தார்கள். தங்கைக்குச் சிறுநீரகங்கள் இரண்டும் பழுது. திங்கள், புதன், வெள்ளி ஆகிய நாள்களில் மருத்துவமனைக்குச் சென்று இரத்தத்தைச் சுத்திகரித்துக்கொண்டு வர வேண்டும். திரும்பும்போது நான்கு படி ஏறினாலே அவளுக்குத் தலை சுற்றும். ஆகவே எங்களுக்குத் தேவைப்பட்டவை தரைத்தளமும் மருத்துவமனைக்கு அருகாமையும். அதுவரை பார்த்த ஏழு வீடுகளில் ஒன்றிலும் இவை சேர்ந்து அமையவில்லை.

இதில் அமைந்திருந்தன. வாசலில் நின்றால் மருத்துவமனையின் பக்கவாட்டுக் கதவு தெரிந்தது. தங்கை குழாயைத் திறந்து பார்த்தாள். ஜன்னலை மூடித் திறந்தாள். சுவரில் ஈரம் இருக்கிறதா என்று உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். பிறகு என் காதருகில் வந்தாள்.

"அக்கா, நீ வாயைத் திறந்து காரியத்தைக் கெடுத்துடாத."

வீட்டைக் காட்டியவர் மருந்து நிறுவனமொன்றின் விற்பனைப் பிரதிநிதி. பேச்சில் தடங்கலே இல்லை.

"ரெண்டே பேர்தானாம்மா?"

"ரெண்டே பேர்தான்" என்றேன்.

"அப்ப பிரச்சனையே இல்ல. நல்ல மனுஷங்களாப் பாத்துக் குடுக்கச் சொல்லியிருக்காங்க. வெள்ளையடிச்சும் தந்துடுவாங்க. நாளைக்கே சாமானை இறக்கிடலாம்."

அவர் நீட்டிய ஒப்பந்தம் ஒன்றரைப் பக்கம். முப்பத்தோர் ஆண்டுகள் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்திய என் கை, தானாகப் பேனாவைத் தேடியது. ஒற்று மிக வேண்டிய இடத்தில் மிகவில்லை. மிகக் கூடாத இடத்தில் மிகுந்திருந்தது. முன்பணம், 'முன்பனம்' ஆகியிருந்தது. மொத்தம் பதினான்கு பிழைகள். பதினான்கையும் களைந்துவிட்டு, கையெழுத்திடும் இடத்துக்கே பேனாவைக் கொண்டுபோய்விட்டேன். எழுத்தைப் பார்க்கிறவள் பொருளைக் கோட்டைவிடுகிறாள் என்று அச்சகத்தில் என்னைக் கேலி செய்வார்கள். அது கேலியன்று, உண்மை.

கடைசி வரி மட்டும் உறுத்தியது: 'தேவைப்பட்டால் காலி செய்துகொள்ளலாம்.'

"தம்பி, யாருக்குத் தேவைப்பட்டா? எங்களுக்கா, உங்களுக்கா?"

"அதெல்லாம் படிச்சாப் புரியுமேம்மா."

"புரியல. வாக்கியத்துல எழுவாயே இல்லையே."

"எழு... என்னதும்மா?"

"ஆரம்பிச்சாச்சு!" என்றாள் தங்கை. "நீங்க கண்டுக்காதீங்க தம்பி. மளிகைச் சீட்டுல 'பருப்பு'க்கு ஒரு 'ப்' கொறைஞ்சாலும் அக்கா சாப்பிடாது."

அவர் சிரித்தார். நான் முதல் வரிக்குத் திரும்பினேன். 'வீடு வாடகைக்கு விடப்படுகிறது' என்றிருந்தது; யாரால்? 'முன்பணம் பெற்றுக்கொள்ளப்படும்'; யாரால்? அந்த ஒன்றரைப் பக்கத்தில் எல்லாம் நடந்தது, ஒருவரும் எதையும் செய்யவில்லை. அவர் பேச்சும் அப்படித்தான் இருந்தது: சொல்லியிருக்காங்க, தந்துடுவாங்க. எல்லோரும் அன்றாடம் அப்படித்தான் பேசுகிறோம். ஆளைச் சொல்லாமல் வினையை மட்டும் சொல்ல நம் மொழி தாராளமாக இடம் தருகிறது. அதனால்தான் காதுக்கு எதுவும் தட்டுப்படவில்லை.

தாளின் தலைப்பில், 'இவ்வீட்டின் உரிமையாளராகிய நான்' என்று எழுதி அவரிடம் கொடுத்தேன்.

"பக்கத்துல உங்க பேரை எழுதுங்க தம்பி."

பேனாவை வாங்கியவர் எழுதவில்லை. "'நான்'னு எல்லாம் போடணுமாம்மா?"

"நீங்கதானே வீட்டுக்காரர்?"

"வீட்டுக்காரர் மாதிரிதான்."

"மாதிரின்னா?"

மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நானும் இங்க வாடகைக்குத்தாம்மா இருக்கேன். வேற ஊருக்கு மாத்திட்டாங்க. ஒப்பந்தம் முடிய எட்டு மாசம் இருக்கு, நடுவுல போனா முன்பணம் திரும்பாது. வீட்டுக்காரர் வெளிநாட்டுல இருக்காரு. யார் இருக்காங்கன்னு வந்தா பாக்கப்போறாரு?"

தங்கை ஜன்னல் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். "எட்டு மாசம் இருந்துட்டுப் போவோமே அக்கா. ஆஸ்பத்திரிக் கதவு கண்ணு முன்னால இருக்கு."

அவரைக் கடிந்துகொள்ள எனக்கு வாய் வரவில்லை. 'ரெண்டே பேர்தான்' என்று சொன்ன நானும், அதில் ஒருத்தி நோயாளி என்பதை விழுங்கியிருந்தேன். அதைக் கேட்டதும் இரண்டு வீடுகளில் கதவைச் சாத்தியிருந்தார்கள்.

"தம்பி, நானும் ஒண்ணை மறைச்சிட்டேன்" என்று நோயைப் பற்றிச் சொன்னேன். "வீட்டுக்காரர் நம்பரைக் குடுங்க. எல்லாத்தையும் நானே அவர்கிட்டச் சொல்லிக் கேக்கறேன்."

"ஐயோ வேணாம்மா. என்னையே வெளிய அனுப்பிடுவாரு."

தங்கை அவரை ஒரு கணம் பார்த்தாள். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"உங்களையே அனுப்புவாருன்னா எங்களை விட்டுவைப்பாரா? வா அக்கா. வாசல்ல வண்டி நிக்கிற சத்தம் கேக்கும்போதெல்லாம் எனக்குத் திக்குனு இருக்கும். ரத்தத்தைச் சுத்தம் பண்ணிட்டு வந்து பயத்தை ஏத்திக்கணுமா?"

அந்த வீடு வேண்டாமென்று முடிவு செய்தோம். இருபதாம் தேதி, மருத்துவமனையிலிருந்து நான்கு பேருந்து நிறுத்தங்கள் தள்ளி, மூன்றாம் மாடியில், மின்தூக்கி உள்ள வீடொன்றை எடுத்தோம். உரிமையாளர் ஒரு பல் மருத்துவர். தம் பெயரில் உள்ள வரி ரசீதைக் காட்டி, தாமே கையெழுத்திட்டார். நோயைப் பற்றித் தங்கையே அவரிடம் சொன்னாள். ஒப்பந்தப்படி, காலி செய்வதானால் எந்தத் தரப்பானாலும் இரண்டு மாதம் முன்னதாக அறிவிக்க வேண்டும். மின்தூக்கி பழுதானால், அது சரியாகும்வரை, தரைத்தளத்தில் உள்ள அவருடைய மருத்துவ அறையில் தங்கை படுத்துக்கொள்ளலாம். போய்வரும் வண்டிச் செலவுக்காகச் செய்தித்தாளை நிறுத்திவிட்டோம். இருபத்தேழாம் தேதி குடிபெயர்ந்தோம்.