மேயர் கழற்றிய பீப்பாய்

கதை எழுதிப் பழகாத கை இது. ஒரு நகரத் தலைவரின் வாழ்வைச் சொல்லும் தகுதி எனக்கு உண்டா என்று பலமுறை தயங்கினேன். பிழைகளைப் பெரியோர் பொறுத்தருள வேண்டுகிறேன்.

ஒஹாயோ ஆற்றங்கரையிலுள்ள ஹார்லோ துறைக்கு எஸ்ரா பிங்கம் மேயராக இருந்தார். பீப்பாய் செய்வது அவர் தொழில். வெறுங்கையோடு வந்திறங்கிய அவருக்குப் பட்டறை போட இடம் கொடுத்தவர்கள், பின்னர் வீடு வீடாக ஏறி இறங்கி அவரை மேயராக்கியவர்கள், எல்லோரும் நெப்டியூன் தீயணைப்புக் குழுவின் தொண்டர்களே. அந்த நன்றியை அவர் ஒருநாளும் மறந்ததில்லை. பதவியேற்றதும் தெருக்களுக்குத் தீயணைக்க நீர் எடுக்கும் தண்ணீர்க்குழாய் கொண்டுவந்தார்.

குழாய் வந்ததும் தீயணைப்புக் குழுக்களுக்குள் போட்டியும் வந்தது. தீயின்மேல் முதலில் நீர் பாய்ச்சிய குழுவுக்கே ஊரில் பெருமை. ஆகவே மணியோசை கேட்டதும் ஒருவன் முந்தி ஓடி, தீக்கு அருகிலுள்ள குழாயை மற்றக் குழு எடுக்காதபடி அதன்மேல் பீப்பாயைக் கவிழ்த்து, தன் குழுவின் வண்டி வரும்வரை அதன்மீது அமர்ந்துகொள்வான். நெப்டியூனில் அந்தப் பொறுப்பு சைலஸ் குரோவெல்லுடையது. பீப்பாய் எஸ்ரா அன்பளிப்பாகச் செய்து தந்தது.

தேர்தல் நெருங்கிய ஒரு பிற்பகலில் மாவு ஆலை பற்றிக்கொண்டது. அதன் பின்னால் அயர்லாந்துக்காரர்களின் மரவீடுகள் நெருக்கியடித்து நின்றன. எஸ்ரா ஓடி வந்தபோது அவர்களுடைய ஹைபர்னியா குழு வண்டியோடு காத்திருந்தது; நெப்டியூன் வண்டியோ சேற்றில் புதைந்து கிடந்தது. குழாயின்மேல் கவிழ்த்த பீப்பாயில் உட்கார்ந்திருந்த சைலஸ் அசையவில்லை.

"அடை காத்தது போதும், குஞ்சு பொரிச்சாச்சுன்னா எறங்கு" என்றார் ஹைபர்னியாவின் தலைவர் கார்மக் டெவ்லின். குரலில்தான் கேலி இருந்தது. கண்கள் தம் வீட்டுக் கூரையை விட்டு நகரவில்லை.

எஸ்ரா சைலஸிடம் நயமாகக் கேட்டுப் பார்த்தார்.

"அண்ணே, உங்கள நாற்காலியில உக்கார வெச்சதே நாங்கதான். என்னைய எந்திரிக்கச் சொல்றீங்களா? நம்ம பசங்க ஒருத்தன்கூட உங்களுக்கு ஓட்டுப் போடமாட்டான்."

"தெரியும்டா தம்பி. நீங்க செஞ்சத நான் மறக்கல. ஆனா அங்க வீடு எரியுது."

பக்கத்தில் நின்றவனின் சுத்தியலை வாங்கினார் எஸ்ரா. எந்த வளையத்தை எங்கே தட்டினால் கழலும் என்பது செய்தவருக்குத் தெரியாதா? இரண்டு தட்டு. பலகைகள் பூவிதழ்போல் விரிந்தன. சைலஸ் தரையில் உட்கார்ந்திருந்தார். ஹைபர்னியா நீர் பாய்ச்சியது.

சைலஸ் சொன்னபடியே தேர்தல் முடிந்தது. மறுநாள் காலை பட்டறையைத் திறந்த எஸ்ராவின் முன் டெவ்லினின் மனைவி நோரா சூடான ரொட்டியை வைத்தார்; எங்கள் அடுப்பு இன்னும் எங்கள் வீட்டிலேயே இருக்கிறது ஐயா என்று மட்டும் சொன்னார். சற்றுப் பொறுத்து சைலஸ் பலகைகளைச் சுமந்துகொண்டு வந்தார்.

"இதக் கொஞ்சம் பூட்டிக் குடுங்கண்ணே. தண்ணி பிடிச்சு வைக்க. உக்கார இல்ல."

எஸ்ரா ரொட்டியில் பாதியைப் பிட்டு அவரிடம் நீட்டினார். இந்த ஊர் தமக்கு எவ்வளவோ கொடுத்துவிட்டது என்று அவருக்குத் தோன்றியது.

இழந்தவை: மாவு ஆலை, அதையொட்டி இரண்டு வீடுகள், ஒரு வண்டிக்குதிரை, மேயர் பதவி.