'உங்கள் பிரவுசர் ஏற்றதல்ல'

அந்த மென்பொருள் அலுவலகத்தில் அவளுக்கு 'நொட்டை' என்று பெயர். மற்றவர்கள் எழுதும் இணையப் பக்கங்களைச் சோதித்துக் குறை சொல்வதுதான் அவள் வேலை. வேலையை ஒழுங்காகச் செய்ததற்குக் கிடைத்த பட்டம் அது.

மதியம் தங்கை போன் செய்தாள். குரலே சரியில்லை.

"அக்கா, நர்சிங் காலேஜ் பக்கம் திறக்கவே மாட்டேங்குது. 'உங்கள் பிரவுசர் ஏற்றதல்ல'ன்னு சொல்லுது. அது கேக்கற பிரவுசரைப் போடலாம்னா, என் பழைய போன்ல ஏற மாட்டேங்குது. இன்னிக்கு சாயங்காலத்தோட முடியுதுக்கா."

அந்தப் பக்கத்தை நொட்டைக்கு நன்றாகவே தெரியும். எந்தக் கல்லூரி வேண்டுமென்று மாணவிகள் வரிசைப்படுத்தித் தரவேண்டிய பக்கம் அது. கல்லூரி வாரியத்துக்காக அதைக் கட்டியது இதே அலுவலகம். ஒரு பிரவுசரைத் தவிர மற்றவற்றில், விரலால் இழுத்து வரிசைப்படுத்த வேண்டிய கல்லூரிப் பெயர்ப் பெட்டிகள் நகரவில்லை என்று அவள் அப்போதே சொல்லியிருந்தாள். 'சரியாகிவிட்டது' என்று பதில் வந்தது. மறுபடி அவளிடம் காட்டாமலே வெளியிட்டுவிட்டார்கள்.

நேராகச் 'சுருளு'விடம் போனாள். சுருட்டை முடிக்காரன், அந்தப் பக்கத்தை எழுதியவன்.

"என்னய்யா சரி பண்ணின?"

சுருளு தலையைச் சொறிந்தான். "மேனேஜர் நேரமில்லைன்னாரு. அதான், மத்த பிரவுசர்ல வந்தா உள்ளயே விடாதேன்னு ஒரு வரி போட்டுட்டேன்."

"கதவு ஒட்டிக்குதுன்னு சொன்னா, வாசலையே செங்கல் வெச்சு அடைச்சிருக்கே!"

சத்தம் கேட்டு மேனேஜர் வெளியே வந்தார். "எதுக்கும்மா இந்தக் கூச்சல்? என் லேப்டாப்ல ஜம்முனு ஓடுதே?"

"உங்க லேப்டாப்பா சார் நர்சிங் படிக்கப் போகுது?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மேனேஜரின் முகம் சிவந்தது. ஆனால் மாட்டிக்கொண்டது அவள் தங்கை என்று தெரிந்ததும் குழைந்தார்.

"அடடா, இதை முதல்லயே சொல்லக் கூடாதா? பாப்பாவோட விவரத்தை வாங்கு. என் லேப்டாப்லயே போட்டுடலாம். பிரச்சினை முடிஞ்சுது."

ஒரு கணம் அவளுக்கும் சபலம் தட்டியது. தங்கைக்கு இந்தச் சீட்டை விட்டால் ஒரு வருடம் வீண். அடுத்த கணமே பற்றிக்கொண்டு வந்தது.

"இங்க வேலை பாக்கற அக்கா இல்லாத பொண்ணு எங்க சார் போவா? பிரவுசர் செய்யறவங்க எல்லாரும் உக்காந்து பேசி, பொதுவா விதி வெச்சிருக்காங்க. அதுப்படி எழுதினா பழைய போனோ புது போனோ, எதுலயும் திறக்கும். பெட்டி வழுக்கிக்கிட்டுப் போனா அழகா இருக்கும்னு, ஒரே ஒரு பிரவுசருக்குப் புரியற வித்தையைப் போட்டீங்க. இப்ப 'நீ ஏற்றவ இல்லை'ன்னு அந்தப் பிள்ளைங்க மூஞ்சியில அடிக்கறீங்க!"

"வழுக்கற பெட்டியைத் தூக்கிட்டு, முதல் விருப்பம், ரெண்டாவது விருப்பம்னு சாதாரணத் தேர்வுக் கட்டம் வெச்சா போதும் சார்" என்று முனகினான் சுருளு. "பெரிய வேலை இல்லை."

"இதை அன்னிக்கே சொல்ல வாயில என்ன கொழுக்கட்டையா?"

"யாரு கேட்டாங்க?"

மாற்றி எழுதினான். நொட்டை அலுவலகத்தில் இருந்த போன்களையெல்லாம் பிடுங்கி, காவலாளியுடையது உட்பட, ஒவ்வொன்றிலும் திறந்து பார்த்தாள். எல்லாவற்றிலும் திறந்தது. வெளியிட்ட சற்று நேரத்தில் தங்கை அழைத்தாள். "போட்டுட்டேன்கா!"

மேனேஜர் கையைத் தட்டிக்கொண்டார். "உன் காரியம் ஆச்சு. போய் வேலையைப் பாரு."

"நேத்து திறந்து பாத்துட்டு, நமக்கில்லைன்னு விட்டுட்டுப் போனவங்க? கடைசித் தேதியைத் தள்ளி வைக்கச் சொல்லி கல்லூரி வாரியத்துக்கு எழுதுங்க."

எரிச்சலோடு உட்கார்ந்தார். 'தவிர்க்க முடியாத தொழில்நுட்பக் காரணங்களால்' என்று தட்டினார்.

"தவிர்க்க முடிஞ்சுதே சார்! இப்பதானே தவிர்த்தோம். அழிங்க."

"இப்படி எழுதினா வேலை போயிடும், தெரியுமில்ல?"

"யாருக்கு சார்?"

அவள் நாற்காலியை இழுத்து அவர் பக்கத்திலேயே போட்டு உட்கார்ந்தாள். அவர் அழித்தார். 'ஒரே பிரவுசரில் மட்டும் திறக்கும்படி எழுதினோம். தவறு எங்களுடையது' என்று எழுத்தெழுத்தாகத் தட்டிவிட்டு அவளைப் பார்த்தார்.

"அனுப்புங்க" என்றாள்.