என் தம்பி கொடுத்த முகவரி

ஹேட்சர் மேடம் கதவைத் தட்டியபோது காலை ஏழு மணி. நான் பிஸ்கட்டுக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். யாரென்று கேட்கவில்லை. அந்த நேரத்தில் அப்படி நிதானமாக மூன்று முறை தட்டுகிறவர் நன்னடத்தை அதிகாரி ஒருவர்தான். என் கணவர் லைல் சட்டையை மாட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்து, இரண்டு கைகளும் தெரியும்படி நாற்காலியில் உட்கார்ந்தார். மகள் ஜோசி தன் அறையின் மேசை இழுப்பறைகளைத் தானே திறந்துவைத்துவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு வாசல் படியில் போய் உட்கார்ந்தாள். அவளுக்குப் பதினைந்து வயது. இதை யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை.

ஏழு வருடங்களுக்கு முன்பு, ஒரு மதுக்கடையின் கார் நிறுத்தத்தில் லைல் ஒருவரை அடித்தார். அந்த மனிதருக்கு ஒரு கண்ணில் பார்வை போய்விட்டது. பதினைந்து வருடத் தண்டனை. அதில் இரண்டு வருடம் சிறை, மீதி வெளியே கண்காணிப்பில். அந்த மனிதரின் மனைவியை நான் காய்கறிக் கடையில் சில சமயம் பார்ப்பேன். என்னைக் கண்டதும் தள்ளுவண்டியை வேறு வரிசைக்குத் திருப்பிக்கொள்வாள். அதில் எனக்கு வருத்தமில்லை.

வெளியே என்றுதான் சொல்கிறார்கள். வீட்டில் மது இருக்கக் கூடாது, துப்பாக்கி இருக்கக் கூடாது. என் அப்பாவின் வேட்டைத் துப்பாக்கியைப் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுத்தோம். அனுமதிக் கடிதமில்லாமல் எங்கள் ஜார்ஜியா மாநிலத்தைத் தாண்டக் கூடாது. ஜோசியின் பள்ளி வாத்தியக் குழு ஆற்றுக்கு அந்தப் பக்கம், அடுத்த மாநிலமான அலபாமாவில் வாசித்த அன்று, கடிதம் வந்து சேரவில்லை. லைல் பாலத்தின் இந்த முனையில் வண்டியை நிறுத்திவிட்டு, நாங்கள் திரும்பும்வரை அங்கேயே இருந்தார். அதற்குப் பிறகு ஜோசி எந்த நிகழ்ச்சியைப் பற்றியும் வீட்டில் சொல்வதில்லை. இப்போது வாசிக்கிறாளா என்றுகூட எனக்குத் தெரியாது. கேட்க வேண்டும் என்று நினைப்பேன். பிறகு மறந்துவிடும்.

ஹேட்சர் மேடம் சமையலறை அலமாரியைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தபோது நான் சொன்னேன்.

"என் தம்பி ராய்ஸ் அடுத்த மாசம் ஜெயில்லேர்ந்து வர்றான் மேடம். எங்கள விட்டா அவனுக்கு ஆளில்ல. இங்க வச்சுக்கலாமா?"

அவர் கதவை மெதுவாக மூடினார். "எதுக்கு உள்ள போனாரு?"

"போதை மாத்திரை வித்தான். அஞ்சு வருஷம்."

"அப்ப முடியாது வெர்னா. தண்டனை வாங்கினவங்ககூட உங்க வீட்டுக்காரர் பழகவே கூடாது, ஒரே வீட்ல இருக்கவும் கூடாது. சொந்தக்காரங்கன்னா நீதிபதிக்கு எழுதிக் கேக்கலாம். நாலு மாசம் ஆகும். இல்லைன்னும் சொல்லலாம்."

"அவன் பாட்டுக்கு வந்து நின்னுட்டா?"

"நான் பாத்தா எழுதித்தான் ஆகணும். எழுதினா மிச்ச எட்டு வருஷத்தையும் இவரு உள்ளயே கழிக்க வேண்டி வரலாம்." அவர் அதட்டிச் சொல்லவில்லை. போகும்போது ஜோசியின் பல் கம்பி எப்போது கழற்றுகிறார்கள் என்று கேட்டார். நல்ல மனுஷிதான்.

சாப்பிடும்போது லைல் சொன்னார். "நீதிபதிக்கு எழுதுவோம். அதுவரைக்கும் நான் வேணா வேலை செய்யற இடத்துல லாரியில படுத்துக்கறேன். நாலு மாசந்தானே."

ஜோசி தட்டிலிருந்து தலையை எடுக்காமல் சொன்னாள். "வேற எங்க தூங்கினாலும் முன்னாடியே அனுமதி வாங்கணும்பா. ஒன்பதாவது விதி."

லைல் வெண்ணெயை என் பக்கம் தள்ளினார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

நான் முதியோர் விடுதியின் சலவை அறையில் வேலை பார்க்கிறேன். இரண்டு வாரம் கழித்து, படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தபோது சிறை அலுவலகத்திலிருந்து தொலைபேசி வந்தது.

"ராய்ஸ் டில்மன் உங்க தம்பிங்களா? வெளிய வந்து தங்கறதுக்கு உங்க வீட்டு முகவரிய கொடுத்திருக்காரு. சேத்துக்கறீங்களா? ஆமா, இல்லன்னு சொன்னா போதும்."

"என் வீட்டுக்காரரு வந்து..."

"காரணம் எழுத இந்தப் படிவத்துல இடமில்லம்மா."

"இல்ல" என்றேன்.

அவர் நன்றி சொல்லி வைத்துவிட்டார். நான் மறுபடியும் மடிக்க ஆரம்பித்தேன். இப்போது அழுகை வரும், வரட்டும் என்று காத்திருந்தேன். விரிப்புகள் தீர்ந்துவிட்டன. துண்டுகளை எடுத்துக்கொண்டேன்.

ராய்ஸை மேக்கன் நகரில், சிறையிலிருந்து வருகிறவர்களைத் தங்கவைக்கும் ஒரு விடுதிக்கு அனுப்பினார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் முதல் நாலு மணிவரை வெளியே விடுவார்கள். லைல் காலையிலேயே எழுந்து கோழி பொரித்தார். பாதியை அலுமினியத் தாளில் இரண்டு சுற்று சுற்றி, சூடாக இருக்கட்டும் என்று அதன்மேல் ஒரு துண்டையும் சுற்றிக் காருக்குள் வைத்தார். "கேட்டேன்னு சொல்லு" என்றார்.

ஒரு பூங்கா ஓரமாகக் காரை நிறுத்தி நான், ஜோசி, ராய்ஸ் மூன்று பேரும் உள்ளேயே உட்கார்ந்து சாப்பிட்டோம். ராய்ஸுக்கு முன்பல் இரண்டு இல்லை. ஓரப் பற்களால் மென்றான்.

"மச்சான் கைதானே இது? மிளகு தூக்கலா இருக்கு."

"அவருதான். கேட்டேன்னாரு."

அவன் எலும்பைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "நீ சொன்னத எனக்குப் படிச்சுக் காட்டினாங்கக்கா. வெறும் 'இல்லை'ன்னு இருந்துச்சு. வேற ஏதாவது சொன்னாளான்னு கேட்டேன். இல்லைன்னாங்க."

"காரணம் எழுத இடமில்லைன்னாங்க ராய்ஸ். மச்சானோட விதி..."

"தெரியும். அப்புறம் ஒருத்தன் வெவரம் சொன்னான். ஆனா ஒரு நாள் முழுக்க உனக்கு என்மேல கோவம்னு நெனச்சிட்டிருந்தேன்." விரலைத் துடைத்துக்கொண்டான். "அது பரவால்லக்கா. கோவம்னா என்னைக்காவது தீரும்."

ஜோசி பின்னிருக்கையிலிருந்து கேட்டாள். "மாமா, உங்களுக்குக் கண்காணிப்பு எத்தன வருஷம்?"

"மூணு."

"அது முடிஞ்சாலும் நீங்க தண்டனை வாங்கினவருதான். அப்பாவுக்கு முடியறப்ப எனக்கு இருவத்திமூணு." அவள் குரலில் ஒன்றுமே இல்லை. மணி கேட்டால் சொல்வதுபோலச் சொன்னாள்.

"அப்ப உன் கல்யாணத்துக்கு ஒண்ணா வந்துருவோம்" என்றான் ராய்ஸ். அவள் சிரித்தாள் என்று நினைக்கிறேன். கண்ணாடியில் சரியாகத் தெரியவில்லை.

நாலு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது விடுதி வாசலில் இறக்கிவிட்டேன். மிச்சமிருந்த கோழியைத் தாளோடு அவனிடம் கொடுத்தேன். ஒருவருக்குப் பின் ஒருவராக ஆண்கள் வரிசையில் நின்றார்கள். காவலாளி ஒவ்வொருவராகத் தடவிப் பார்த்து உள்ளே விட்டுக்கொண்டிருந்தார். எங்கள் பின்னால் ஒரு வண்டி ஒலியெழுப்பியது. நான் நகரவில்லை.

ராய்ஸின் முறை வந்தது. அவன் கால்களை அகட்டி நின்று, இரண்டு கைகளையும் மேலே தூக்கினான். காவலாளி அவனுடைய விலாவையும் இடுப்பையும் தட்டிக்கொண்டே கீழே குனிய, அந்தப் பொட்டலம் நசுங்கிவிடாமல், விரல் நுனிகளில் தாங்கி, தலைக்கு மேலே எட்டுமட்டும் உயர்த்திப் பிடித்திருந்தான். தாளில் வெயில் பட்டுக் கண் கூசியது.