மேஸ்திரி தின்ற நூல்

எங்கள் வீட்டில் டிவி இல்லை. இதை நான் வெறும் தகவலாகத்தான் சொல்கிறேன். இதையே என் கணவர் சொன்னால் எதிரில் இருப்பவர் எழுந்து நின்று கேட்க வேண்டியிருக்கும்.

நடந்தது இவ்வளவுதான். போன வருஷம் ஒரு மத்தியானம் எங்கள் மூத்த பூனை ஒரு ஈயைப் பிடிக்க டிவி மேல் தாவியது. ஈ தப்பித்துவிட்டது. டிவி குப்புற விழுந்து, ஜன்னலோரம் இருந்த ரோஜாத் தொட்டிக்குள் முகம் புதைத்தது. இவர் இரண்டு நாள் மெக்கானிக் கடைக்கு நடையாய் நடந்தார். மூன்றாம் நாள் மெக்கானிக் கையை விரித்தார். நான்காம் நாள் இவர் துறவு பூண்டார்.

"தொலைக்காட்சியை நாங்கள் கைவிட்டுவிட்டோம்" என்று குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் அறிவித்தார். டிவிதான் எங்களைக் கைவிட்டது என்பது எனக்கும் பூனைக்கும் மட்டும் தெரியும். பூனை வாயைத் திறக்கவில்லை. நானும்தான்.

உண்மையைச் சொன்னால் எனக்கு அதனால் ஒரு குறையும் இல்லை. வீட்டுக்குப் பின்னால் நாலு பாத்தி நிலம், மடியில் பின்னல், இரண்டு பூனைகள். மூத்ததுக்கு மாமியார் என்று பெயர். நீங்கள் என்ன வேலை செய்தாலும் எதிரே உட்கார்ந்து, பாதிக் கண்ணை மூடிக்கொண்டு, 'எங்கள் காலத்தில் இப்படியா' என்கிற மாதிரி பார்க்கும். இளையது மேஸ்திரி, செம்பட்டை நிறம். நான் மண்ணைக் கொத்தினால் குவியல் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். ஒரு கட்டியைக்கூட நகர்த்தாது. ஆனால் வேலை முடியும்வரை இடத்தை விட்டு அசையாது. கண் திறக்காத குட்டியாய், ஒரு மழை நாளில் தண்ணீர் மீட்டர் பெட்டிக்குள் கிடைத்தது. மருந்துச் சொட்டுக் குழாயில் பால் கொடுத்து, என் மேல்சட்டைக்குள் வைத்து வளர்த்தேன். இன்றைக்கும் நான் பின்ன உட்கார்ந்தால் தலையைச் சட்டைக்குள் நுழைக்கப் பார்க்கும். இப்போது ஆள் ஐந்து கிலோ.

இவர் முப்பது வருஷம் பதிவு அலுவலகத்தில் கடிதம் எழுதிவிட்டு ஓய்வு பெற்றவர். எல்லாப் பத்தியையும் 'ஆகவே' என்றுதான் தொடங்குவார், முதல் பத்தி உட்பட. அதற்கு முன்னால் எதுவுமே இல்லையே என்று கேட்டால், "கம்பீரமா இருக்கு, இருக்கட்டும்" என்பார். துறவு பூண்ட மறுவாரமே, டிவி இல்லாத வாழ்க்கையைப் பற்றி எழுத உட்கார்ந்துவிட்டார். தலைப்பு, 'திரையற்ற இல்லத்தின் திறந்த கதவுகள்'. பதினொரு மாதம் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு எழுதினார். தோட்டத்தைப் பற்றிய அத்தியாயம் எழுதும்போது ஜன்னலையும் சாத்தினார். தோட்டத்திலிருந்து பூச்சி வருகிறதாம். பின்னல் பற்றிய அத்தியாயத்துக்காக மட்டும் ஒருநாள் வெளியே வந்தார்.

"அந்த ரெண்டு குச்சிக்கும் பேர் என்ன?"

"ஊசி."

"அவ்வளவுதானா?" என்றார். ஏதோ நான் ஏமாற்றிவிட்ட மாதிரி திரும்பிப் போனார்.

எல்லாம் கையெழுத்து. நகல் கிடையாது. நகல் எடுக்கிற கடையில் வேலை பார்ப்பவர்கள் படித்துவிடுவார்கள் என்று ஒரு பயம். படிப்பார்கள் என்ற நம்பிக்கையை இவர் கடைசிவரை விடவில்லை.

இதில் இன்னொரு சட்டமும் இருந்தது. யாரும் அதைப் புத்தகம் என்று சொல்லக் கூடாது. "புத்தகம் பெட்டிக்கடையில விக்கிறது. இது நூல்" என்பார். பால்காரர் ஒருநாள் வாய் தவறி, "சார் ஏதோ புக் எழுதறாராமே" என்று கேட்டுவிட்டுப் பத்து நிமிஷம் நின்று பாடம் கேட்டார். அன்றிலிருந்து பால் பாக்கெட்டைக் கேட்டில் மாட்டிவிட்டு ஓடிவிடுகிறார்.

அந்த ஒரே கையெழுத்துப் பிரதியையே வெளியிடுவதாக ஏற்பாடு. நூல் வெளியீட்டுக்கு இரண்டு வாரம் இருந்தபோது என் தம்பி வந்தான். வந்த அன்றே டிவி இருந்த இடத்தின் முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து சுவரைப் பார்த்தான். "என்னக்கா, ரோஜாத் தொட்டியில என்ன ஓடுது?" என்று கேட்டான். மூன்று நாளில் அவனையும் இவர் வழிக்குக் கொண்டுவந்துவிட்டார்.

"மாமா, உங்க புத்தகம்…"

"நூல்."

"உங்க நூல்…"

"ம். இப்ப சொல்லு."

அந்தச் சனிக்கிழமை நான் தக்காளி நாற்று வாங்க நாற்றுப் பண்ணைக்குப் போயிருந்தேன். இவர் அழைப்பிதழ் அடிக்க எழுதுபொருள் கடைக்குப் போயிருந்தார். வீட்டில் தம்பி மட்டும். கையில் ஆறு நாற்றுடன் நின்றுகொண்டிருந்தபோது போன் வந்தது.

"அக்கா, கோபப்படாதே. மேஸ்திரி நூலைத் தின்னுடுச்சு."

என் கையிலிருந்த நாற்று கீழே விழுந்தது.

"என்னடா சொல்றே? எவ்வளவு?"

"நான் கண்ணசந்துட்டேன்க்கா. முழிச்சுப் பார்த்தா பாதிக்கு மேல காலி. மிச்சத்தை வாயில கவ்விக்கிட்டு கட்டிலுக்கு அடியில ஓடிடுச்சு. மாமாகிட்ட நீயே சொல்லிடு. எனக்குத் தைரியம் இல்ல. நான் போனை ஆஃப் பண்ணிடறேன்."

சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற வழக்கமே இல்லாத என் தம்பி, அன்று மட்டும் சொன்னபடி ஆஃப் பண்ணிவிட்டான்.

இவரிடம் ஏன் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஒரு கணம் தோன்றியது. பிறகு புரிந்துவிட்டது, அதாவது புரிந்ததாக நினைத்தேன். வெளியீட்டு விழாவில் போட்டுக்கொள்ள இவருக்குச் சாம்பல் நிறத்தில் ஒரு ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தேன். கழுத்துப் பட்டி மட்டும் பாக்கி. அதற்குக் கடைசி உருண்டை நூல் ஒன்று கூடையில் இருந்தது.

பூனை வளர்த்துக்கொண்டு பின்னலும் பின்னுகிறவர்களுக்கு இதைவிடக் கெட்ட செய்தி கிடையாது. கால்நடை டாக்டரம்மா மேஸ்திரிக்கு முதல் தடுப்பூசி போட்ட அன்றே எச்சரித்திருந்தார். நூல் குடலுக்குள் போய் எங்காவது மாட்டிக்கொண்டால், நாடா கோத்த பாவாடை மாதிரி குடலைச் சுருக்கிவிடும். பிறகு அறுவைதான், அதிலும் பிழைப்பது நிச்சயமில்லை. அன்றிலிருந்து கூடைக்கு மூடி போட்டு, மூடி மேல் அகராதியை வைத்திருந்தேன்.

ஆட்டோவில் வீட்டுக்கு ஓடினேன். தம்பி இல்லை. வீடு பெருக்கிச் சுத்தமாய் இருந்தது. அவன் பிறந்ததிலிருந்து துடைப்பத்தைத் தொட்டவனில்லை. கூடையைப் பார்த்தேன். அகராதி தரையில். மூடி திறந்து கிடந்தது. உருண்டை இல்லை.

மேஸ்திரி உரக்குழி ஓரம் உட்கார்ந்து முகம் கழுவிக்கொண்டிருந்தது. அது பாட்டுக்கு ஒரு வேலையை முடித்த திருப்தியில் இருந்தது. அப்படியே அள்ளிக் காய்கறிக் கூடையில் போட்டு, மேலே துண்டைக் கட்டினேன். மாமியார் வாசல்வரை வந்து, 'நான் அப்பவே சொன்னேன்' என்று பார்த்தது.

டாக்டரம்மா சிரிக்காதவர். அவரிடம் வருகிற நாய்கள்கூட வரிசையில் நிற்கும். மேஸ்திரியை மேஜை மேல் நிறுத்தி, வாயைப் பிளந்து, நாக்கைத் தூக்கி, விளக்கை அடித்துப் பார்த்தார்.

"எப்ப முழுங்குச்சு?"

"ஒரு மணி நேரம் இருக்கும்."

"எவ்வளவு?"

"பாதிக்கு மேலன்னு தம்பி சொன்னான். மிச்சத்தையும் காணோம்."

"பாதி உருண்டையையா?" அவர் முகம் இன்னும் இறுகியது. "நாக்குக்கு அடியில நூல் மாட்டல. இருங்க, கடவாப் பல்லுல ஏதோ இருக்கு."

இடுக்கியால் எடுத்தார். வெள்ளையாக, நனைந்து, சுண்டு விரல் நகமளவு ஒன்று. கண்ணாடித் தட்டில் வைத்து விரித்தார்.

"என்னது இது, எழுத்து மாதிரி இருக்கே?" குனிந்து படித்தார். "ஆகவே."

நான் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அந்த நீல மையை, பல்லக்கில் போகிற மாதிரி நிமிர்ந்து நிற்கிற அந்த 'ஆ'வை, முப்பது வருஷமாக மளிகைப் பட்டியலில் பார்த்தவள் நான்.

"டாக்டர், இது தின்னது நூல் இல்ல. நூல்!"

டாக்டரம்மா என் நெற்றியில் கை வைத்துப் பார்க்கலாமா என்று யோசிப்பது தெரிந்தது. விளக்கிச் சொன்னேன். அவர் அப்போதும் சிரிக்கவில்லை.

"காகிதம்னா பரவால்ல, வெளிய வந்துடும். ஆனா கூடையில இருந்த உருண்டையைக் காணோம்கிறீங்களே?"

அதுதானே. ஒரு நூல் போனதால் இன்னொரு நூல் பிழைத்தது என்று ஆகிவிடுமா? ஸ்கேன் எடுத்தார். சந்தேகப்படும்படி ஒன்றும் தெரியவில்லை, ஆனால் கம்பளி நூல் ஸ்கேனில் தெரிந்தே ஆக வேண்டுமென்று இல்லை என்றார். "அந்த உருண்டை முழுசா கண்ணுல பட்டாத்தான் நான் நிம்மதியா இருப்பேன். இல்லன்னா ரெண்டு நாள் இங்கயே வெச்சுப் பார்க்கணும்." மேஸ்திரி என் சட்டைக்குள் தலையை நுழைக்கப் பார்த்தது. நுழைத்துக்கொள் என்று பொத்தானை அவிழ்த்துவிட்டேன்.

அப்போதுதான் கதவைத் தள்ளிக்கொண்டு இவர் வந்தார். பின்னால் என் தம்பி, கையில் ஒரு பிளாஸ்டிக் பை, பை நிறையக் காகிதக் குப்பை. ஒட்டிக் கொடுத்துவிடலாம் என்று டேப் வாங்க அவன் போன இடம், இவர் அழைப்பிதழுக்கு எழுத்து வடிவம் பார்த்துக்கொண்டிருந்த அதே எழுதுபொருள் கடை. என் தம்பிக்கு ஒளிந்துகொள்ளக்கூட ஒழுங்கான இடம் தேடத் தெரியாது. வீட்டுக்குப் போயிருக்கிறார்கள், நான் பூனையைத் தூக்கிக்கொண்டு ஓடியதைப் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார்.

இவர் முகத்தைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. பதினொரு மாத உழைப்பு. இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். இந்த மனிதர் இப்போது வாயைத் திறந்தால் டாக்டரம்மாவும், வெளியே காத்திருக்கும் கிளியும் முயலும் எல்லாரும் முன்னுரையிலிருந்து கேட்க வேண்டிவரும் என்று நினைத்தேன்.

"பூனைக்கு என்ன ஆச்சு?" என்றார்.

"ஏங்க, உங்க நூலு…"

"அட, புத்தகம் கெடக்கு விடு. இவன் எப்படி இருக்கான்?"

புத்தகம் என்றார். தம்பியும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கல்யாணமான நாள் முதல் இந்த மனிதர் ஒரு சின்ன வார்த்தையைப் பெரிய வார்த்தையாக மாற்றித்தான் நான் கேட்டிருக்கிறேன். தலைகீழாக நடந்தது இதுதான் முதல் தடவை.

"உருண்டையைக் காணோம். அதையும் முழுங்கியிருந்தா…"

இவர் தலையைச் சொறிந்தார். "சாம்பல் கலர்தானே? காலையில நான்தான் எடுத்தேன். பக்கமெல்லாம் கலைஞ்சு போகுதேன்னு, அதால கட்டி வெச்சேன். நூலை நூலால கட்டினா நல்லா இருக்குமேன்னு ஒரு… ஒரு இதுக்காக."

ஆக, அதைப் பார்த்துத்தான் மேஸ்திரி பாய்ந்திருக்கிறது. இலக்கியத்தின் மேல் அதற்குத் தனியாக விரோதம் எதுவும் இல்லை.

"அப்ப அது எங்கடா?" என்று தம்பி பக்கம் திரும்பினேன்.

அவன் கால்சட்டைப் பைக்குள் கையை விட்டு உருண்டையை எடுத்தான். எச்சில் பட்டு, பஞ்சாகிக் கிடந்தது. "கட்டிலுக்கு அடியில இதையும் கடிச்சுக்கிட்டு இருந்துச்சு. பிடுங்கிட்டேன். நூல் பத்திரமா இருக்குக்கா. நூல்தான் போச்சு."

"முழுசா இருக்கான்னு பார்க்கணும்" என்றார் டாக்டரம்மா.

நான் எந்த உருண்டையிலும் இரண்டு நுனியிலும் சின்ன முடிச்சுப் போட்டுவைப்பேன், பிரியாமல் இருக்க. வெளி முடிச்சு இருந்தது. உள் முடிச்சு தெரிய வேண்டுமானால் முழுவதையும் பிரிக்க வேண்டும். ஒரு நுனியை இவரிடம் கொடுத்துவிட்டுக் காத்திருப்பு அறைக்குள் நடந்தேன். முயல்காரர் நடுவில் தாங்கிக்கொண்டார். கிளிக்காரரின் மகள் மூலையில் திருப்பினாள். தம்பி கதவருகே போய் மறுபடி இந்தப் பக்கம் கொண்டுவந்தான். அறையிலிருந்த எல்லாரும், நாய்கள் உட்பட, அந்தச் சாம்பல் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுவரில் ஒரு டிவி ஓடிக்கொண்டிருந்தது. அதை ஒருவரும் பார்க்கவில்லை.

ஒரு அறுப்பு இல்லை, ஒரு விடுதல் இல்லை. கடைசியில் என் கைக்கு உள் முடிச்சு வந்தது.

"இருக்கு!" என்று கத்திவிட்டேன். கிளியும் "இருக்கு" என்றது. டாக்டரம்மா சிரித்துவிட்டார். இவர் நுனியை இன்னும் பிடித்தபடியே மேஜை ஓரமாகத் தரையில் உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மேஸ்திரி இறங்கி வந்து அவர் கையிலிருந்த நுனியைப் பிடிக்கப் பார்த்தது.

"போடா, உன் வேலையைப் பாரு" என்றார். அது பார்த்துக்கொண்டுதான் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் மேஸ்திரி ஒரு கிண்ணம் மீனைத் தின்றுவிட்டு இன்னும் கேட்டது. தம்பி டேப்பும் கையுமாய் உட்கார்ந்து, முதல் பக்கத்தில் 'ஆகவே' எங்கே வரும் என்று தேடினான். எங்கே வைத்தாலும் பொருந்தியது. இவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, பையைப் பிடுங்கிக்கொண்டு தோட்டத்துக்குப் போனார். உரக்குழியில் கொட்டி, மண்வெட்டி எங்கே இருக்கிறது என்று என்னைக் கேட்டு, மேலே மண் தள்ளினார். மேஸ்திரி குவியல் மேல் ஏறி உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தது.

"மனசு கஷ்டமா இல்லையா?" என்று கேட்டேன்.

"இருக்கு. ஆனா, அடுத்த ஞாயித்துக்கிழமை யாராவது படிச்சுட்டா என்ன பண்றதுன்னு ஒரு மாசமா வயித்துக்குள்ள ஒரு பந்து உருண்டுக்கிட்டே இருந்துச்சு. அது இப்ப இல்ல." மண்வெட்டியைச் சாய்த்துவிட்டுக் கேட்டார்: "அந்த ஆறு நாத்து எங்கே?"

பண்ணையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். இருவரும் போய் எடுத்து வந்து நட்டோம்.

சாயங்காலம் சங்கத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்ட ஒரு தாள் எழுதினார். வழக்கமாக என்னிடம் திருத்தக் கொடுத்துவிட்டு, திருத்தினால் கோபித்துக்கொள்வார். அன்றும் கொடுத்தார். நான் இரண்டு தடவை படித்தேன். திருத்த ஒன்றுமில்லை.

'புத்தகத்தைப் பூனை கிழித்துவிட்டது. விழா இல்லை. பூனை நலம்.'