கொரோலாவுக்கு இன்ஜின் பார்க்கப் போனோம்

எங்கள் கொரோலாவின் இன்ஜின் செத்துப்போனதை ஹம்டான் அறிவித்த விதம் ஒரு டாக்டருக்குக்கூட வராது. பானெட்டுக்குள் விட்டிருந்த தலையை வெளியே எடுத்தான். கையைத் துடைத்தான். காப்பியை ஒரு வாய் குடித்தான். அப்புறம் என் தோளில் கை வைத்தான்.

"குணா, மனச தேத்திக்க. பிளாக்கே விரிஞ்சிபோச்சி. இனிமே இதுல பூச்செடி வைக்கலாம்."

"ஒட்ட வைக்க முடியாதா?"

"வைக்கலாம். உன் தலையில முடி ஒட்டவைக்கிற மாதிரி. தூரத்துலருந்து பாக்க நல்லாருக்கும்."

ஹம்டான் தைப்பிங்கில் பட்டறை வைத்திருந்து ஓய்வுபெற்றவன். முன்பு பட்டறையில் காசுக்குச் செய்த வேலையை இப்போது என் வீட்டுப் போர்ட்டிக்கோவில் சும்மா செய்கிறான். அதற்குப் பெயர் ஓய்வு. பல வருஷமாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருகிறான். நானும் அவனுமாக அந்தக் காரைச் சரிசெய்துகொண்டிருக்கிறோம் என்று ஊரில் சொல்லிக்கொள்வேன். உண்மையில் அவன் சரிசெய்வான், நான் டார்ச் பிடிப்பேன். அதையும் தப்பான இடத்தில் பிடிப்பதாகத் திட்டு வாங்குவேன். துருவைச் சுரண்டி, தகரம் வைத்து ஒட்டி, அதே பழைய மஞ்சள் சாயத்தைத் தேடிப் பிடித்து அடித்து, இருக்கைக்கு உறை தைத்து, எல்லாம் முடிந்தது என்று சாவியைத் திருப்பியபோதுதான் இன்ஜின் இந்தக் காரியத்தைச் செய்துவிட்டது.

கார் என்னுடையது என்றும் ஊரில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது என் மனைவி தவமணியுடையது. அவள் என்னைக் கட்டிக்கொள்வதற்கு முன்பே அதை வாங்கிவிட்டாள். அவள் வாழ்க்கைக்குள் நுழைந்த வரிசையில் நான் இரண்டாவது.

அவள் அரசாங்க மிசி, அதாவது நர்ஸ். செலாமா பக்கத்துக் கம்பத்துக் கிராமங்களுக்கெல்லாம் அந்த மஞ்சள் காரில்தான் பிரசவம் பார்க்கப் போய்வருவாள். அவசரமாக ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டு, ஆஸ்பத்திரி வருவதற்குள் பின்னிருக்கையிலேயே பிறந்தவர்கள் உண்டு. அதில் ஒருவன் இப்போது லாரி ஓட்டுகிறான். சந்தையில் அவளைப் பார்த்தால் முதுகை வளைத்துக் கும்பிடுவான். அவன் பொண்டாட்டியோ, பிறந்த இடம் இதுதானா என்று ஒருமுறை போர்ட்டிக்கோவரைக்கும் வந்து காரை எட்டிப்பார்த்துவிட்டுப் போனாள்.

விடுமுறை நாட்களில் இடது பக்க இருக்கை எனக்கு. வைப்பர் வேலை செய்யாத ஒரு மழைக்காலம் முழுவதும், அதில் கயிறு கட்டி, ஜன்னல் வழியாகக் கையை நீட்டி நான் இழுத்துக்கொண்டே வர, அவள் ஓட்டினாள். எனக்கு ஒரு தோள் முழுதாக நனையும். "இன்னும் வேகமா இழுங்க" என்பாள், நான் ஏதோ படகு வலிப்பவன் மாதிரி. அந்த வயதில் அதுவே பெரிய காதல் வசனமாக இருந்தது.

அவள் மீட்டரைப் பார்த்துக் கியர் மாற்றி நான் பார்த்ததில்லை. காதால் மாற்றுவாள். இன்ஜின் ஒரு குறிப்பிட்ட சுருதிக்கு வந்ததும் கால் தானாக அமுங்கும், கை தானாக நகரும், நமக்கு ஒரு குலுங்கல்கூடத் தெரியாது. நான் ஓட்டினால் காருக்கு விக்கல் வந்ததுபோல் இருக்கும். ஒருமுறை பட்டர்வொர்த்தில் ஃபெரிக்கு ஏறும் சரிவில் நான் வண்டியை அணைத்துவிட்டு, பின்னால் மீன் லாரிகள் ஹாரன் அடிக்க, திரும்பத் திரும்பச் சாவியைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் இறங்கி, சுற்றி வந்து, கதவைத் திறந்து, "கொஞ்சம் நகருங்க" என்றாள். நகர்ந்தவன்தான். அப்புறம் முப்பது வருஷம் திரும்பி வரவில்லை.

திரும்பி வரவேண்டிய நாளும் வந்தது. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் குளியலறையில் வழுக்கி விழுந்து அவளுடைய இடது முட்டி கெட்டது. நடக்கும்போது தெரியாது. அழுத்தி மிதிக்கும்போதுதான் கால் பாதியில் கைவிட்டுவிடும். நாங்கள் இப்போது வைத்திருக்கும் சின்னக் காரில், மணிக்கூண்டுச் சிக்னலில் அது நடந்தது. வண்டி ஒரு துள்ளு துள்ளி நின்றது. எதிலும் இடிக்கவில்லை. அவள் ஓரங்கட்டி, சாவியை எடுத்து என் மடியில் வைத்தாள்.

"நீங்க ஓட்டுங்க."

அவ்வளவுதான். ஊரில் கேட்டவர்களிடம், ரோட்டில் இப்போதெல்லாம் பைத்தியக்காரர்கள் பெருகிவிட்டார்கள், அதனால் ஓட்டுவதில்லை என்று சொல்லிவிட்டாள். எனக்கு மட்டும்தான் உண்மை தெரியும். கிளட்ச் இல்லாத ஆட்டோ கார் வாங்கலாமே என்று, முட்டி விஷயம் தெரியாமலே எங்கள் மகள் போனில் சொன்னபோது, "ஓட்டத் தெரியாதவங்க வாங்கறது அது. வாஷிங் மெஷின்ல ஏறி உக்காந்த மாதிரி" என்று முடித்துக்கொண்டாள். அன்றிலிருந்து நான் ஓட்டுகிறேன், அவள் இடது பக்கம் உட்கார்ந்து ஜன்னலுக்கு வெளியே பார்க்கிறாள். நான் தப்பாகக் கியர் மாற்றினாலும் ஒரு வார்த்தை திட்டுவதில்லை. அதுதான் என்னால் தாங்க முடியாதது.

ஆகவே கொரோலாவின் இன்ஜின் செத்தபோது, எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது என்பதை ஹம்டானிடம் நான் சொல்லவில்லை. புது இன்ஜினோடு ஆட்டோ கியர்ப்பெட்டியும் சேர்த்துப் போட்டுவிட்டால்? மற்ற கார்களை அவள் வேண்டாம் என்பாள். இந்த மஞ்சள் காரை எப்படி வேண்டாம் என்பாள்? ஆனால் காரணத்தை வாய்விட்டுச் சொன்னால், பரிதாபப்பட்டு என் காரைக் கெடுத்தீர்களா என்று கேட்பாள். அவள் அப்படிக் கேட்டால், அத்தோடு அந்தக் கார் பூச்செடித் தொட்டிதான்.

"இருபது வால்வு இன்ஜின்!" என்றான் ஹம்டான். அவனுக்குக் கண் மின்னியது. "தியோ தவுக்கே கடையில ஒண்ணு வந்திருக்காம். அத போட்டோம்னா சிம்பாங் ரோட்டுல எந்தப் பையனும் நம்மள முந்த முடியாது."

"இப்ப எந்தப் பையன் நம்மள முந்தறான்? நம்ம கார் போர்ட்டிக்கோலதானே நிக்குது."

"உன்கூட பேசினா ரத்தக்கொதிப்பு வரும். சனிக்கிழமை போறோம்."

உள்ளேயிருந்து தவமணியின் குரல் வந்தது. "நானும் வரேன். கார் கிராண்ட் பத்திரம் என் பேர்ல இருக்கு."

தியோ தவுக்கே பழைய கார் பாகங்கள் விற்கும் சீன முதலாளி. அவர் கடை பக்கத்து ஊரான கமுந்திங்கில், தகரக் கூரைக்குக் கீழே இருக்கிறது. ஜப்பானில் பழைய கார்களை முன்கதவுக்குப் பின்னால் குறுக்கே அறுத்து, முன்பாதியை மட்டும் கப்பலில் அனுப்புகிறார்கள். அதை ஹாஃப்கட் என்பார்கள். இன்ஜின், ஸ்டியரிங், மீட்டர், கண்ணாடி எல்லாம் இருக்கும். முதுகுக்குப் பின்னால் ஒன்றும் இருக்காது. அவசரமாகக் கிளம்பியதில் பின்பாதியை வீட்டிலேயே மறந்துவிட்டு வந்தவை மாதிரி வரிசையாக நிற்கும்.

அந்த அரைக் கார்களின் டேஷ்போர்டு அறையில் கிடைப்பதையெல்லாம் தவுக்கே ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருக்கிறார். சீப்பு, கோயில் தாயத்து, குழந்தையின் ஒற்றைக் காலுறை.

"இத எதுக்கு தவுக்கே வச்சிருக்க?"

"யாராச்சும் தேடி வந்தா?"

"ஜப்பான்லருந்தா?"

"ஏன், பிளேன் இல்லையா?" என்றார் தவுக்கே, ரொம்பச் சாதாரணமாக.

நாங்கள் போனதும் ஹம்டான் நேராக இருபது வால்வு இன்ஜினிடம் போய், கல்யாணப் பெண்ணைச் சுற்றிவரும் சித்தி மாதிரி சுற்றிவந்தான். தவுக்கே ஒரு பேட்டரியை இணைத்தார், பெட்ரோல் பாட்டிலை மேலே தொங்கவிட்டார், கம்பியை இழுத்தார். தகரக் கூரை முழுவதும் அதிர்ந்தது. கனைப்பு மேலே ஏற ஏற எனக்குக்கூட முதுகுத்தண்டில் ஏதோ ஓடியது. நான் சைக்கிள் மணி சத்தத்துக்கே ஒதுங்கி நிற்கிறவன்.

நான் இன்ஜினைப் பார்க்கவில்லை, தவமணியைப் பார்த்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். சத்தம் ஏறியது. அந்தப் பழைய சுருதி வந்த இடத்தில், சிமெண்டுத் தரையில் செருப்புப் போட்ட அவள் இடது கால் தானாக முன்னே போய் அமுங்கியது. பாதி போனது. அங்கேயே நின்றது. கண்ணைத் திறந்து, யாராவது பார்த்தார்களா என்று பார்த்தாள். நான் உடனே கூரையைப் பார்த்தேன். கூரையில் ஒன்றுமில்லை, ஆனாலும் நன்றாகப் பார்த்தேன்.

"எப்படி?" என்று கத்தினான் ஹம்டான்.

"நல்லாருக்கு" என்றாள் தவமணி. "ரொம்ப நல்லாருக்கு."

அவள் ஒரு வார்த்தை சொன்னால் கதை முடிந்தது. ஹம்டான் அதைப் போடுவான், ஹம்டானே ஓட்டுவான், அவள் பின்னால் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வாள்.

நான் மெல்ல நழுவி, ஓரத்தில் நின்ற ஓர் அரை வேனிடம் போனேன். வெள்ளை வேன். டேஷ்போர்டு நெடுக யாரோ ஒரு குழந்தை பழ ஸ்டிக்கர்களாக ஒட்டித் தள்ளியிருந்தது. இன்ஜின் இருக்கைக்கு அடியில். கொரோலாவுக்கு அப்படியே பொருந்தும், ஒரே குடும்பத்து இன்ஜின் என்று ஹம்டானே எப்போதோ சொல்லியிருக்கிறான். குனிந்து கால் வைக்கும் இடத்தைப் பார்த்தேன். இரண்டே மிதி, கிளட்ச் இல்லை.

"ஹம்டான், இது எப்படி?"

அவன் வந்து பார்த்தான். பார்த்ததும் அவன் மீசையே தொங்கிப்போனது. "டேய், இது காய்கறி வேன்டா. அதுவும் ஆட்டோ. நான் இத்தன வருசம் தகரம் ஒட்டினது முட்டைக்கோஸ் ஏத்தவா?"

"பெட்ரோல் மிச்சமாகும்."

"அதுக்கு நடந்து போ, இன்னும் மிச்சமாகும்."

"சத்தம் கம்மி. என் வயசுக்கு…"

"உன் வயசுக்கு வீல்சேர்ல மோட்டார் வச்சித் தரேன், வாங்கிக்க! மிசி, நீங்களே சொல்லுங்க, உங்க வீட்டுக்காரருக்குப் புத்தி கெட்டுப்போச்சா?"

தவமணி வாயைத் திறப்பதற்குள் தவுக்கே குறுக்கே வந்தார். வழக்கமாக அவர் சண்டையை ரசிப்பவர். இன்று முகம் இறுகியிருந்தது.

"ஹம்டான், போதும்லா. கால் சரியில்லாத மனுசன கேலி பண்ணாத."

"யாருக்குக் கால் சரியில்ல?" என்று கேட்டது ஹம்டான் மட்டுமல்ல. நானும் கேட்டேன்.

"வெக்கப்படாத குணா. மிசி போன வாரமே இங்க வந்து எல்லாம் சொல்லிட்டாங்க. உனக்கு கிளட்ச் மிதிக்க முடியலயாமே. வெளிய சொன்னா உனக்கு மானம் போயிடும்னு சொன்னாங்க. அதனாலதான் இந்த வேன யாருக்கும் குடுக்காம ஓரமா வச்சிருக்கேன்."

போன வாரம் பல் டாக்டரிடம் போவதாகச் சொல்லி, கிராப் டாக்சி பிடித்துத் தனியாகப் போனவள் இவள். எல்லாப் பல்லோடும் திரும்பி வந்தபோதே நான் யோசித்திருக்க வேண்டும்.

தவமணியைப் பார்த்தேன். அவள் டேஷ்போர்டில் ஒட்டியிருந்த ஒரு ஸ்டிராபெர்ரியை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். அதைவிட முக்கியமான வேலை அப்போது உலகத்தில் இல்லை. காது மட்டும் சிவந்திருந்தது. கல்யாணமான புதிதில் பார்த்த சிவப்பு.

நான் செய்யவேண்டியது ஒன்றுதான் இருந்தது.

"ஆமா ஹம்டான்" என்றேன். "கொஞ்ச நாளாவே இப்படித்தான். சொல்லக் கூச்சமா இருந்துச்சி."

ஹம்டானின் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. ஓடிப்போய் ஒரு நாற்காலியைத் தூக்கி வந்து என்னை அதில் அமுக்கினான். "ஏண்டா சொல்லல? மணிக்கணக்குல நிக்கவச்சி டார்ச் பிடிக்க வச்சேனே! பாவி, நீயாச்சும் வாயத் திறந்திருக்கலாம்ல?" அவன் கண் கலங்கியதோ என்று சந்தேகமாக இருந்தது. எனக்கு இல்லாத வலிக்காக ஒருவன் கலங்குவதைப் பார்த்தபோது, இருந்திருக்கலாமோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

"வேனே போடுவோம்" என்றான். "காய்கறியா இருந்தா என்ன. காய்கறி உடம்புக்கு நல்லது."

தவமணி ஸ்டிக்கரை விட்டுவிட்டு நிமிர்ந்தாள். "இருங்க. இவருக்கு ஒத்துவருமான்னு நான் பாத்து சொல்றேன்." யாருடைய கையையும் பிடிக்காமல் அரை வேனில் ஏறி உட்கார்ந்தாள். தவுக்கே பேட்டரியை இணைத்தார். சாவியைத் திருப்பினாள். அவளுக்குக் கீழே இன்ஜின் முணுமுணுவென்று எழுந்தது, வீட்டில் அரிசி வேகிற சத்தம்போல. கியர்கோலை இழுத்தாள். வலது கால் அமுங்கியது. இடது கால் ஒரு வேலையும் இல்லாமல், விருந்துக்கு வந்த சொந்தக்காரர் மாதிரி, பக்கத்தில் சும்மா நீட்டிக்கொண்டிருந்தது.

அப்புறம் அவள் ஸ்டியரிங்கை லேசாக இடது பக்கம் திருப்பினாள், வலது பக்கம் திருப்பினாள். பின்னால் பார்க்கும் கண்ணாடியைச் சரிசெய்தாள். அதில் கடையின் கழிவு எண்ணெய்ப் பீப்பாய்களும் தைப்பிங் மலைமேல் இறங்கிக்கொண்டிருந்த மழை மேகமும்தான் தெரிந்திருக்கும். அவள் பார்த்தது அதையல்ல. முகம் அப்படி இருந்தது. செலாமா ரோட்டில், ரப்பர் மரங்களுக்கு நடுவே, ஜன்னலில் முழங்கையை வைத்துக்கொண்டு போகும்போது இருந்த அதே முகம். நான் பக்கத்தில் ஒரு தோள் நனைந்து உட்கார்ந்திருந்த காலத்து முகம். இரண்டு வருஷமாக அதைத் தேடிக்கொண்டிருந்தேன். கமுந்திங்கில், பாதி வேனில் கிடைத்தது.

"எப்படி மிசி?" என்றார் தவுக்கே.

"பரவால்ல" என்றாள், அணைக்க மனமில்லாமல் அணைத்துவிட்டு. "இவரு டவுனுக்குள்ள ஓட்டிக்கட்டும். தூரமா போறதுன்னா, கால் வலிக்குமில்ல, நான் ஓட்டறேன். என்ன செய்யறது, கட்டிக்கிட்டாச்சி."

"உங்கள மாதிரி மனைவி கிடைக்கணுமே" என்றான் ஹம்டான்.

"ஆமா" என்றேன் நான். அதில் மட்டும் பொய் கலக்கவில்லை.

விற்றுப்போனதற்கு அடையாளமாக, தவுக்கே வேனின் கண்ணாடியில் சாக்கட்டியால் என் பெயரை எழுதினார். தவமணி அதைப் பார்த்துவிட்டு, கையால் அழித்து, தன் பெயரை எழுதச் சொன்னாள். ஹம்டான் தன் பிக்கப்பைக் கொண்டுவர முன்னால் ஓடினான், நான் அதிக தூரம் நடக்கக்கூடாதாம். நான் நாற்காலியிலிருந்து எழுந்து, தவுக்கே பார்த்துக்கொண்டிருப்பது ஞாபகம் வந்து, முகத்தைச் சுளித்து, ஒரு காலை இழுத்து இழுத்து நடக்கத் தொடங்கினேன். என் நடிப்பில் எனக்கே திருப்தியாக இருந்தது.

தவமணி வந்து என் கையைக் கோத்துக்கொண்டாள். இவ்வளவு நேரமும் எல்லோரும் மலாயில்தான் பேசிக்கொண்டிருந்தோம். அவள் நேரே வாசலைப் பார்த்தபடி, உதட்டை அசைக்காமல், தமிழில் சொன்னாள்:

"கிளட்ச் இடது காலுங்க."